வாசித்தால் ஒரு குடம் முன்னால்

ஆவாரம்ஏந்தலில் ஒருவர் செத்துப்போனாலும் வரிசையில் இருக்கும் அவருடைய குடத்தை அன்றைக்கு யாரும் நகர்த்த மாட்டார்கள். லாரி வரும், அந்தக் குடத்திலும் தண்ணீர் விழும், குளிப்பாட்டுவதற்கு அது போகும். திருப்புல்லாணியிலிருந்து கீழக்கரைக்குப் போகும் சாலையில் இறங்கி, கருவேலங்காட்டுக்குள் நடந்தால் வருகிற ஊர். அரசியல் சட்டம் அங்கே வந்து சேர்ந்ததற்கு உறுதியான சான்றுகள் இல்லை. குடச் சட்டம் இருந்தது. வைத்த குடம் வைத்த இடத்தில் நிற்கும். குடத்துக்காரி களையெடுக்கப் போகலாம், பிள்ளை பெறப் போகலாம். அவளுக்குப் பதிலாகக் குடம் நிற்கும். நிலம் வைத்திருக்கிற வீட்டுக் குடங்கள் மட்டும் வரிசைக்கு வருவதில்லை. அவை டிராக்டரில் ஏறிப் போய் நிரம்பி வந்தன. ஆக, சட்டம் கூலிக்குப் போகிறவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. அந்த அளவில் அது மற்றச் சட்டங்களைப் போலத்தான்.

இந்தச் சட்டத்தில் ஒரே ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்தவள் பூமயில். அவள் வாழ்க்கையை எழுதுவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

பூமயில் 1974இல் எட்டாம் வகுப்பில் தேறினாள். ஊரில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. ஏறியவளை எப்படி இறக்குவது என்று வீட்டில் யோசித்தார்கள். சில வருடம் மிளகாய்க் காட்டில் பழம் பறிக்கவிட்டு, பிறகு பால்சாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பால்சாமி கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவன். நல்லவன், சாயங்காலம் அவன் வீடு திரும்பும்போது எது நிழல், எது ஆள் என்று சொல்வதுதான் கஷ்டம். பிள்ளை இல்லை. எட்டாம் வகுப்பினால் கிடைத்த பலன், கல்யாணப் பத்திரிகை, மருந்து டப்பா, பஸ் போர்டு எல்லாவற்றையும் ஊரார் அவளிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னதுதான். பஸ் போர்டைக் கொண்டுவர முடியாததால் அவளை பஸ்ஸுக்குக் கூட்டிப்போனார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆவாரம்ஏந்தல் பெண்களுக்கு வாசிக்கத் தெரியவில்லையே என்ற கவலை மேலே இருப்பவர்களுக்குத் திடீரென்று வந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லையே என்ற கவலை வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. கவலையை ஒரு மொபெட்டில் ஏற்றிக்கொண்டு மருதுபாண்டி என்கிற பயிற்சியாளர் வந்து இறங்கினார். எட்டாவது படித்தவள் யார் என்று கேட்டார், பூமயிலைக் காட்டினார்கள். சம்பளம் கிடையாது, சேவை என்று விளக்கினார். பூமயிலுக்குச் சேவை பழக்கமானது என்பதால் தலையாட்டினாள். கிளம்புகிற நேரத்தில், மொபெட்டை உதைத்துக்கொண்டே அவர் ஒரு வாக்கியம் சொன்னார்.

“ஊர் முழுசா வாசிச்சிருச்சுன்னு ஆபீசருக வந்து பாத்துச் சொல்லிட்டாகன்னு வைங்க, பால்வாடி டீச்சர் வேலைக்கு ஒங்க பேரத்தேன் நான் சொல்லுவேன். ஆனா முழுசா. ஒரு ஆளு விட்டுப்போனாலும் ஊரு கணக்குல வராது.”

பூமயில் அதுவரை எதற்கும் பெரிதாக ஆசைப்பட்டதில்லை. இதற்கு ஆசைப்பட்டாள். சம்பளம் ஒரு பக்கம். பால்வாடிக் கட்டடத்துக்குள் ஒரு நாற்காலி உண்டு, டீச்சர் உட்கார. பூமயில் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. பஸ்ஸில்கூட அவளுக்கு இடம் கிடைத்ததில்லை.

வகுப்பு ஆரம்பமானது. எழுத்து அட்டைகள் கொடுத்திருந்தார்கள். அது ஆடி மாதம். கடலிலிருந்து தடையில்லாமல் வருகிற காற்றுக்கு அட்டைகள் ரொம்பப் பிடித்துவிட்டன. ‘க’வும் ‘ச’வும் கருவேல முள்ளில் போய்க் குத்திக்கொண்டு நின்றன. காற்று அடங்கியபோது மாணவிகள் இல்லை. யாரும் வரவில்லை. காரணம் கேட்டால் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: லாரி வந்துவிட்டால் என்ன செய்வது? ஹமீது ஓட்டிவந்த தண்ணீர் லாரிக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. விடிந்ததும் வரும், மத்தியானம் வரும், வராமலும் இருக்கும். பெண்கள் குடத்தை வைத்துவிட்டு, கூலி இல்லாத நாளெல்லாம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

வரிசை வகுப்புக்கு வராவிட்டால் வரிசையையே வகுப்பாக்குவது என்று பூமயில் முடிவு செய்தாள். பஞ்சாயத்தில் மிச்சமிருந்த வெள்ளைப் பெயின்ட்டை வாங்கி, ஒவ்வொரு குடத்திலும் ஒரு எழுத்து எழுதினாள். எழுதும்போதே தகராறு தொடங்கியது. ராக்கு என்பவள் ஊரில் வாய்க்குப் பேர்போனவள். அவளுக்கு ‘ப்’ விழுந்தது.

“எங்கொடத்துக்கு மட்டும் எதுக்குடி உச்சியில புள்ளி? அம்மை போட்டிருக்கா?”

புள்ளி வைத்தால் பாதிச் சத்தம்தான் வரும் என்று பூமயில் விளக்கினாள்.

“பாதிச் சத்தமா. அப்பப் பாதிக் கொடந்தேன் ஊத்துவானா அந்த ஹமீது?”

ஆட்டம் இதுதான். பூமயில் ஒரு முருங்கைக் குச்சியால் குடங்களைத் தொட்டுக்கொண்டே போவாள். தொட்ட குடத்துக்காரி தன் எழுத்தின் சத்தத்தைக் கொடுக்க வேண்டும். முதலில் நிறுத்தி நிறுத்தி: உ, ப், பு. பிறகு கொஞ்சம் வேகமாக. அதற்கும் பிறகு ஒருத்தி வாயிலிருந்து அடுத்தவள் வாய்க்கு இடைவெளியே இல்லாமல். கடைசியில் மூன்று பெண்களும் சேர்ந்து ஒரு உப்பாகிவிடுவார்கள். முதல் தடவை அப்படி ஆனபோது பெண்கள் தங்கள் குடங்களையே திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். பல வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போட்டவர்களுக்கு, தாங்கள் மூன்று பேரும் ஒரு சொல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு அவர்கள் ஒருவரை ஒருவர் எழுத்தாலேயே கூப்பிட ஆரம்பித்தார்கள். ‘ட’ வீட்டுக்கு விருந்தாளி வந்தது. ‘கா’வின் மாமியார் படுத்துவிட்டாள்.

இந்தக் காது ஆட்டத்தில் யாராலும் ஜெயிக்க முடியாத ஒருத்தி இருந்தாள்: பிச்சையம்மாள். பால்சாமிக்குப் பெரியப்பா மகள், அந்த முறையில் பூமயிலுக்கு மதினி. புருஷன் போய் ரொம்ப நாளாயிற்று, தனிக்கட்டை. விடிவதற்குள் வந்து குடம் வைக்கிறவள் என்பதால் வரிசையில் அவள் குடம் எப்போதும் முதலாவது. அலுமினியக் குடம், விளிம்பில் ஒரு நசுங்கல். லாரி வந்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்துத் தங்கள் குடத்தை எடுப்பார்கள். பிச்சையம்மாள் விளிம்பைத் தடவிப் பார்த்து, நசுங்கல் கையில் பட்ட பிறகு தூக்குவாள். பூமயில் நாலு குடத்தை எங்கேயோ தூரத்தில் தொட்டுச் சத்தம் வாங்கிவிட்டு நிறுத்தினால், மற்றவர்கள் முனகிக்கொண்டிருக்கும்போதே பிச்சையம்மாள் சேர்த்துச் சொல்லிவிடுவாள்: கருவாடு. புளியமரம். ஒருமுறை மருதுபாண்டி வேண்டுமென்றே நீளமாக ஒரு அரசாங்கத் திட்டத்தின் பெயரைத் துண்டு துண்டாகச் சொன்னார். அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, அப்படி ஒன்று எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்டாள்.

ஆனால் ஆபீசர்கள் காதால் வாசிப்பதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கண்ணால் பார்த்து வாசிக்க வேண்டும். பூமயில் அடுத்த ஆட்டத்துக்கு மாறினாள். இப்போது குடத்துக்காரி சத்தம் கொடுக்கக்கூடாது. குச்சி தொட்ட குடங்களைப் பார்த்து, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். இதில் சோம்பல் வந்துவிட்டது. வெயிலில் உட்கார்ந்து எழுத்தைப் பார்ப்பதைவிட எதையாவது பேசிக்கொண்டிருக்கலாம் என்று பெண்கள் நினைத்தார்கள். ஆபீசர்கள் வருவது நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பூமயில் சட்டத்தைத் திருத்தினாள். சரியாக வாசித்தவள் தன் குடத்தை ஒரு இடம் முன்னால் தள்ளிக்கொள்ளலாம்.

கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஊக்கப் பரிசு என்பார்கள். ஆவாரம்ஏந்தலில் அதன் பெயர் தண்ணீர். லாரித் தண்ணீர் ஒருநாளும் கடைசிக் குடம்வரை வந்ததில்லை. எனவே கற்றல் காட்டுத்தீயாகப் பரவியது. கரித்துண்டால் வீட்டுச் சுவரில் எழுதிப் பழகினார்கள். ராக்கு, சோறு வடிக்கும்போது முணுமுணுத்துப் பார்ப்பதாக அவள் புருஷன் புகார் சொன்னான். நடுவர் ஆட்டத்தில் கலந்துகொள்ள முடியாது என்பதால் பூமயிலின் குடம் எப்போதும் முதலில் நிற்கும் என்றும் ஒரு உபவிதி இருந்தது. அதை எழுதியவளும் நடுவர்தான். யாரும் ஆட்சேபிக்கவில்லை, படித்தவர்கள் எங்கேயும் அப்படித்தானே.

முதலாவதாக இருந்த பிச்சையம்மாளின் குடம் இரண்டாவதானது. பிறகு நடுவில் நின்றது. பிறகு வரிசையின் வாலுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே குடியிருந்தது. குச்சி தொட்ட குடங்களைப் பார்த்துக்கொண்டு அவள் சும்மா இருந்தாள். பூமயில் கோபப்பட்டுக் கேட்டால், மறந்துபோச்சு என்பாள். இம்புட்டுக் கெட்டிக்காரிக்கு இது எப்படி வராமல் போகும், வேண்டுமென்றே செய்கிறாள், என் வேலையைக் கெடுக்கப் பார்க்கிறாள் என்று பூமயில் பால்சாமியிடம் சொன்னாள். தாகம் எடுத்தால் தானாக வரும் என்றும் சொன்னாள். பால்சாமி கரி படிந்த கையைப் பார்த்துக்கொண்டே, அவளுக்கு ஒரு குடம் ஊத்திவிட்டுட்டுச் சொல்லிக்கொடேன் என்றான். ஊத்திவிட்டால் பிறகு எதற்குப் படிப்பாள் என்று பூமயில் கேட்டாள். கல்வியியல் தெரியாத பால்சாமி இன்னொரு கை சோறு போட்டுக்கொண்டான்.

தண்ணீர் கிடைக்காத நாளில் பிச்சையம்மாள் ஓடைக்குப் போனாள். ஓடை மணலில் ஆள் இறங்கும் ஆழத்துக்கு ஊத்துத் தோண்டியிருப்பார்கள். உள்ளே இறங்கி உட்கார்ந்து, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் கோரி ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைய அரைப்பொழுது போகும்.

ஆபீசர்கள் வருகிற அன்று காலையில் பூமயில் கடைசி ஒத்திகை வைத்தாள். லாரியும் அன்றைக்குச் சீக்கிரமே வந்தது. ஆபீசர்கள் வருகிற நாளில் லாரிக்கும் நேரம் தெரிந்துவிடுகிறது. வால்பக்கம் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் தீர்ந்தது. ஹமீது குழாயைச் சுருட்டிக்கொண்டே, இன்னும் ஒரு குடம் நிக்கிதே என்றார்.  பிச்சையம்மாள் விளிம்பைத் தடவி, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பூமயிலைத் தாண்டி நடந்தாள்.

“ஓடைக்குப் போறேந்தா. வர நேரமாகும்.”

பூமயிலின் குடம் தளும்பத் தளும்ப அவள் காலடியில் இருந்தது. எடுத்துக்கோ மதினி என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. சொன்னால் பிச்சையம்மாள் ஊரில் இருப்பாள். ஆபீசர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். ஒரு ஆள் விட்டுப்போனாலும் ஊர் கணக்கில் வராது.

“சூதானமாப் போங்க மதினி” என்றாள் பூமயில்.

ஆபீசர்கள் வந்தார்கள். பெண்கள் வாசித்தார்கள். பாராட்டாமல் இருக்க முடியாது: ‘ப்’பிலிருந்து ‘கா’ வரைக்கும் எல்லோரும், அட்டையிலும் சுவரிலும், ஆபீசர் சட்டைப்பையில் வைத்திருந்த பஸ் டிக்கெட்டிலும் எதைக் காட்டினாலும் எழுத்தெழுத்தாகச் சத்தம் கொடுத்துச் சேர்த்து வாசித்தார்கள். வாசித்துவிட்டு ராக்கு எழுந்து ஒரு அடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அது ஏன் என்று ஆபீசருக்குப் புரியவில்லை, உற்சாகம் என்று எடுத்துக்கொண்டார். மருதுபாண்டி ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு ஆள் குறைகிறதே என்று மெதுவாகக் கேட்டார்.

“ஊர்ல இல்ல சார்” என்றாள் பூமயில். உண்மையைத்தான் சொன்னாள்.

ஊரில் இல்லாதவர் ஊர்க்கணக்கில் வரமாட்டார் என்று மருதுபாண்டி ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். கைதட்டினார்கள். ஆபீசர்களின் ஜீப் சாலையில் ஏறுகிற நேரத்தில்தான் பால்சாமியும் மூட்டக்காரர்களும் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடைப்பக்கமிருந்து வந்தார்கள். ஊத்தின் விளிம்பைப் பார்க்காமல் கால் வைத்திருக்கிறாள் பிச்சையம்மாள். மணலோடு சரிந்து உள்ளே விழுந்து, இடுப்பு எலும்பு போய்விட்டது.

இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் இடுப்பைப் பார்த்த டாக்டர், பேச்சோடு பேச்சாக அவள் கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். அடித்துவிட்டு, கூட நின்ற பூமயிலிடம் இந்தம்மாவுக்கு எத்தனை வருஷமாகக் கண் தெரியவில்லை என்று கேட்டார். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. மணல் எது, குழி எது என்றே தெரிந்திருக்காது, எழுத்தெல்லாம் எப்படித் தெரியும் என்றார். அவரிடம் எழுத்தைப் பற்றி யாரும் கேட்டிருக்கவில்லை. சும்மா உதாரணத்துக்குச் சொன்னார்.

டாக்டர் போன பிறகு பூமயில் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். ஏன் மதினி சொல்லவில்லை என்று கேட்டாள்.

“எல்லாருக்கும் இப்பிடிக் கலங்கலாத்தேன் தெரியும்னு நெனச்சேன்” என்றாள் பிச்சையம்மாள். “நீங்கள்லாம் அந்தக் கலங்கலுக்குள்ளயும் என்னமோ கண்டுபிடிச்சுச் சொல்றீக, எனக்குத்தேன் மூளை பத்தலைன்னு.”

அடுத்த வருடம் வேலை வந்தது. வாக்குறுதியை நம்பி ஏமாந்தவளின் கதை இது என்று எதிர்பார்த்தவர்கள் மன்னிக்க வேண்டும். மருதுபாண்டி சொன்ன சொல் காப்பாற்றினார். பூமயில் பால்வாடி டீச்சரானாள். சாலையில் ஊருக்குத் திரும்புகிற இடத்தில் சிமென்டில் ஒரு பலகையும் கட்டி வைத்தார்கள். முதல் நாள் பூமயில் நாற்காலியில் உட்கார்ந்தாள். மறுநாள் அதன்மேல் சத்துமாவு மூட்டையை ஏற்றி வைத்தாள். மூட்டை பிறகு இறங்கவேயில்லை. கேட்ட அதிகாரியிடம், தரையில் இருந்தால் எலி கடிக்கிறது என்றாள்.

ஊரில் யாரும் அவளிடம் சண்டைக்குப் போகவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. திருத்தம் ரத்தானது, பழைய சட்டம் திரும்ப வந்தது. “வச்ச கொடத்த வச்ச எடத்துல விட்டிருக்கணும்” என்று ராக்கு ஒரே ஒரு தடவை சொன்னாள், அதுவும் லாரியைப் பார்த்து. வரிசையில் முதலாவதாக நசுங்கின அலுமினியக் குடம் நின்றது. அதை வைக்கிறவளும் நிறைத்துத் தூக்கிக்கொண்டு போகிறவளும் பூமயில். அவளுடைய சொந்தக் குடம் வாலில் நின்றது. யாரும் அங்கே தள்ளவில்லை, அவளே வைத்தாள். கடைசிக் குடத்துக்குத் தண்ணீர் வராத நாட்களில் அவளும் ஓடைக்குப் போனாள். பால்வாடிப் பணியாளரின் கடமைகளில் இது எதுவும் சொல்லப்படவில்லை.

பிள்ளைகளுக்கு அவள் சிரட்டைகளில் எழுத்து எழுதி அதே ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாள். சத்தம் கொடுப்பார்கள், சேர்ப்பார்கள், சொல் வரும். சேர்த்துச் சொன்னால் என்ன குடுப்பீக டீச்சர் என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும். ஒன்றும் இல்லை என்பாள். அவ்வளவு மோசமான ஆட்டம் ஊரில் வேறு இல்லை என்பது பிள்ளைகளின் கருத்து. வகுப்பு தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையையும் வாசலில் நிறுத்தி, தூரத்தில் இருக்கிற ஆட்டை எண்ணச் சொல்வாள். கையிலிருக்கிற அரிசியையும் எண்ணச் சொல்வாள். டீச்சருக்குக் கிறுக்கு என்று தாய்மார்கள் பேசிக்கொண்டார்கள்.

கண் ஆபரேஷனுக்குப் பிச்சையம்மாள் சம்மதிக்கவில்லை. முகாம் போட்டபோதெல்லாம் பூமயில் போய்க் கெஞ்சினாள். “கண்ணு தெரிஞ்சிருச்சுன்னா மறுபடி வாசிக்கச் சொல்லுவ” என்று அவள் படுத்தபடியே சொல்லிவிடுவாள். குச்சி ஊன்றி வாசல்வரை வருவாள், துணையில்லாமல் அதற்குமேல் நடையில்லை. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னாள். ஒரு கண் முழுக்கப் போயிற்று.

2009இல் ஊருக்குக் குழாய் வந்தது. எங்கேயோ ஓடுகிற ஆற்றுத் தண்ணீர், திருகினால் தானாகக் கொட்டுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பிச்சையம்மாளுக்கு அந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. அது கொட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டாள். மிச்சமிருந்த ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது.

கட்டு அவிழ்த்து, சொட்டு மருந்தோடு இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பச்சை நிற மறைப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து பிச்சையம்மாள் கருவேலமரத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். பூமயிலின் தலை நரைத்திருப்பதைப் பார்த்து, எப்பத்தா இப்படி ஆன என்று கேட்டாள். பிறகு சிமென்ட் பலகையைப் பார்த்தாள். பெயின்ட் மங்கியிருந்தாலும் எழுத்து இருந்தது.

“இது என்ன எழுதியிருக்கு?”

“ஊர்ப் பேரு மதினி.”

“அம்புட்டு நீளமாவா நம்ம ஊர்ப் பேரு?” பிச்சையம்மாள் குச்சியை ஊன்றி அங்கேயே நின்றுவிட்டாள். “நீ எழுத்தெழுத்தாச் சத்தங் குடு. நாஞ் சேத்துச் சொல்றேன். அது எனக்கு வரும்.”

வெயில் ஏறுது, சொட்டு மருந்து விடணும் என்று பூமயில் சொல்லிப் பார்த்தாள். பிச்சையம்மாள் நகரவில்லை. அந்தக் காதுக்கு ஒரு எழுத்தை மாற்றிச் சொன்னாலும் கண்டுபிடித்துவிடும் என்பது பூமயிலுக்குத் தெரியும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சத்தம் கொடுத்தாள். மு, ழு. எ, ழு, த், த, றி, வு. பெ, ற், ற. ஊ, ர்.

பிச்சையம்மாள் யோசிக்கக்கூட இல்லை.

“முழு எழுத்தறிவு பெற்ற ஊர்” என்றாள். பதினேழு வருடத்துக்குப் பிறகு ஜெயித்ததில் அவளுக்குச் சந்தோஷம். தலையைச் சாய்த்துப் பலகையை இன்னொரு முறை பார்த்தாள். சந்தோஷம் மெல்ல இறங்கியது.

“எந்த ஊரத்தா சொல்றாக?”

“நம்ம ஊரத்தேன் மதினி.”

“அன்னைக்கு நான் ஊத்துக்குப் போனேன்ல. அன்னைக்கு எழுதினதா?”

“அதுக்கு அப்புறம்.”

“ஓ” என்றாள் பிச்சையம்மாள்.  குச்சியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைப் பூமயிலின் தோளில் வைத்தாள். நடப்பதற்கு அவளுக்கு ஒரு தோள் வேண்டியிருந்தது. இருவரும் மெதுவாக உள்ளே நடந்தார்கள். குழாயடியில் அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை. குடங்கள் மட்டும் பழையபடி வரிசையாக நின்றன.